காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு கிராக் போட்டால் தப்பா?

தூசிதட்டி:

என்னிடம் 2002லிருந்து 2006 வரை வாங்கிய கேம் சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் அசல். அட்டை, மேனுவல், சீரியல் நம்பர் ஒட்டிய தாள் எதுவும் தொலையவில்லை. இப்போது விண்டோஸ் 10இல் போட்டால் இன்ஸ்டால் மட்டும் ஒழுங்காக ஆகிறது, ஐகானைச் சொடுக்கினால் மவுஸ் பக்கத்தில் வட்டம் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. எரர் மெசேஜ்கூட வருவதில்லை. கம்பேட்டிபிலிட்டி மோட், அட்மினாக ஓட்டுவது எல்லாம் செய்து பார்த்தாயிற்று.

தேடியதில் கேமில் கோளாறு இல்லை, அதன் மேல் போட்ட, நகல் எடுக்க விடாத பூட்டான காப்பி புரொடெக்‌ஷனில்தான் கோளாறு என்று தெரிகிறது. விற்ற கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) எழுதினால், அந்தத் தயாரிப்புக்கு ஆதரவை நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே புதிதாக வந்த கேமின் விளம்பரம்.

கேட்டவர்கள் எல்லாரும் நோ-சிடி கிராக் (சிடி சோதனையை நீக்கித் திருத்திய கோப்பு) எடுத்துப் போடு என்கிறார்கள். எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது. காசு கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன தப்பு என்று தோன்றுகிறது. முகம் தெரியாத எவனோ திருத்திக் கொடுத்த எக்ஸி கோப்பை என் கணினியில் ஓட்ட வேண்டுமா என்றும் தோன்றுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்படியே பொதுவாக இந்தப் பூட்டு விவகாரத்தில் உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். பழைய கேம்களில் இருந்த பூட்டுகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது, இப்போது இருப்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. வயசான கோளாறா, இல்லை நிஜமாகவே ஏதாவது மாறிவிட்டதா?

கர்னல்_காவலன்:

உங்கள் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் சேஃப்டிஸ்க் அல்லது செக்யூரோம் என்ற பூட்டு போட்ட சிடிகளாக இருக்கும். அந்த வருடங்களில் இந்த இரண்டும்தான் அதிகம்.

சேஃப்டிஸ்க் வேலை செய்த விதம் இதுதான்: சிடி அச்சடிக்கும்போதே வேண்டுமென்றே சில செக்டர்களை (தகவல் பதியும் சிறு பகுதிகளை) படிக்க முடியாதபடி கெடுத்து வைப்பார்கள். வீட்டு ரைட்டரில் நகல் எடுத்தால் அந்தக் கெட்ட செக்டர்கள் அப்படியே வராது. கேம் துவங்கும்போது ஒரு டிரைவர் (விண்டோஸோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல்) உள்ளே போய், கெட்டுப்போக வேண்டிய இடம் கெட்டுத்தான் இருக்கிறதா என்று பார்க்கும். சரியாகக் கெட்டிருந்தால்தான் கேம் திறக்கும். அந்த டிரைவரின் பெயர் செக்டிரைவ், விண்டோஸ் எக்ஸ்பியோடு மைக்ரோசாஃப்டே சேர்த்துக் கொடுத்தார்கள்.

வில்லங்கம் என்னவென்றால் அது கர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் மையத்தில் ஓடும். 2007இல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒருவர் அதன் வழியாக முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அதை அடைத்தார்கள். ஆனாலும் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இந்த டிரைவரையே உள்ளே விடவில்லை. அதே வருடம் செப்டம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் விஸ்டா, 7, 8 எல்லாவற்றிலும் அதை அணைத்துவிட்டது. மைக்ரோசாஃப்டைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு கேம் கம்பெனியின் விற்பனையைக் காப்பாற்ற என் கணினியின் அடிமடியில் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள், அவன் தூங்கிவிட்டால் நஷ்டம் எனக்கு.

இதன் உச்சம் 2005இல் சோனி பிஎம்ஜியின் பாட்டு சிடி. கேம்கூட இல்லை, வெறும் பாட்டு. கணினியில் போட்டால் எக்ஸ்சிபி என்ற மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ரூட்கிட்டை (கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் நிரலை) நிறுவிவிடும். கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் தன் கணினியைச் சோதிக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்து எழுதினார். பெயர் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் ஆரம்பித்தால் போதும், எந்தக் கோப்பையும் அது கண்ணில் படாமல் மறைத்துவிடும். கோப்பு யாருடையது என்றெல்லாம் பார்க்காது. விளைவு, வைரஸ் எழுதுபவர்கள் தங்கள் கோப்புகளுக்கும் அதே மாதிரி பெயர் வைத்தார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஏமாற்றி ஆடியவர்களும் அந்த கேமின் கண்காணிப்பிலிருந்து தப்ப இதையே பயன்படுத்தினார்கள்! கடைசியில் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குகளும் வந்தன. திருட்டுத்தனமாக எம்பி3 இறக்கியவர்களுக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிராக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது: ஒன்று, அந்த கேமின் கடைசி பேட்ச் (கம்பெனி வெளியிடும் திருத்தம்). சில கம்பெனிகள் விற்பனை ஓய்ந்த பிறகு சிடி சோதனையைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, ஜிஓஜி தளத்தில் அதே கேம் பூட்டில்லாமல் கிடைக்கிறதா என்பது. 2008இல் அவர்கள் கடை திறந்ததே இந்த மாதிரிப் பழைய கேம்களுக்காகத்தான். ஆமாம், மறுபடி காசு கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினியில்) எக்ஸ்பி போட்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் தப்பில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்குகிறது, நீங்கள் காசு கொடுத்தீர்களா இல்லையா என்பது அதற்கு இரண்டாம் பட்சம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்குப் பட்டியல் போடுவார்கள். 2015 பட்டியலில், சரிபார்க்கும் சர்வரைக் கம்பெனியே மூடிவிட்ட கேம்களுக்கு இடம் கிடைத்தது.

ஏழாம்_நிலை:

வயசான கோளாறு இல்லை நண்பரே, நிஜமாகவே மாறிவிட்டது. பழைய பூட்டு கேமின் உள்ளே இருந்தது, கேமோடு சேர்ந்து அதுவும் ஓர் ஆட்டம்.

1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையை முடித்தால் ஓர் அறை வரும், அங்கே வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. மேனுவலில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். தப்பான குப்பியைக் குடித்தால் உயிருக்கு ஆபத்து. மேனுவல் இல்லாத நாங்கள் எல்லாம் குத்துமதிப்பாகக் குடித்துச் செத்தோம், அதிலும் ஒரு சுவாரஸ்யம் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

மங்கி ஐலண்டில் ஒரு சக்கரம் கொடுப்பார்கள், இரண்டு அட்டை வட்டங்கள். திரையில் ஒரு கொள்ளைக்காரன் முகம் வரும், மேல் பாதி முகத்தையும் கீழ்ப் பாதி முகத்தையும் சுற்றிப் பொருத்தினால் ஓட்டையில் வருடம் தெரியும். மெட்டல் கியர் சாலிட் 1998இல் அதைவிட ஒரு படி மேலே போனது. மெரில் என்ற பாத்திரத்தின் ரேடியோ அலைவரிசை சிடி உறையின் பின்னால் இருக்கிறது என்று ஒரு பாத்திரம் சொல்லும், நாமோ கேமுக்குள் கையில் இருக்கும் டிஸ்கைக் குடைந்துகொண்டிருப்போம். அவர் சொன்னது நிஜ உறையை! அதன் பின்பக்கப் படத்தில் 140.15 என்று இருக்கும். கேமை வாடகைக்கு எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இவற்றில் எதுவும் நான் ஆட அனுமதி கேட்டு எங்கோ ஒரு சர்வரைக் கூப்பிடவில்லை. தாள் கையில் இருந்தால் இன்றைக்கும் ஆடலாம்.

பூதக்கண்ணாடி:

ஏழாம்_நிலை, இனிப்பான பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். லென்ஸ்லாக் என்று ஒரு சனியன் இருந்ததே, அதை மறந்துவிட்டீர்களா? எண்பதுகளின் நடுவில் வந்தது. ஒரு பிளாஸ்டிக் பட்டகத்தை மடித்துத் திரையின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழம்பிக் கிடக்கும் கோடுகளிலிருந்து இரண்டு எழுத்தைப் படித்துத் தட்ட வேண்டும். டிவி ரொம்பப் பெரிதாக இருந்தாலும் படிக்க முடியாது, ரொம்பச் சிறிதாக இருந்தாலும் முடியாது. ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த எலைட் கேமில் சில பெட்டிகளில் வேறு கேமுக்கான லென்ஸைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். காசு கொடுத்தவன் என்ன செய்தாலும் திறக்காது.

முதல் சிம்சிட்டியில் சிவப்புத் தாளில் அடித்த குறியீட்டு அட்டவணை கொடுத்தார்கள், ஜெராக்ஸில் விழக்கூடாது என்பதற்காக. ஜெராக்ஸில் விழவில்லை, வாஸ்தவம்தான். மனிதன் கண்ணிலும் சரியாக விழவில்லை.

எல்லாக் காலத்திலும் கஷ்டப்பட்டவன் காசு கொடுத்தவன்தான். அப்போது நமக்கு நேரம் நிறைய இருந்தது, அதனால் கஷ்டம் விளையாட்டாகத் தெரிந்தது.

ஏழாம்_நிலை:

லென்ஸ்லாக் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் அந்தத் தொல்லைக்கு ஓர் எல்லை இருந்தது, அதைத்தான் சொன்னேன்.

மடக்கியடைப்பு:

எனக்குப் பிடித்தது பூட்டை விடப் பொறி. திருட்டு நகலைத் திறக்கவே விடாமல் தடுப்பது ஒரு வகை. திறக்க விட்டு, கொஞ்ச நேரம் ஆட விட்டு, அப்புறம் மெதுவாகச் செய்கிறது பாருங்கள், அதற்குத் தனி மூளை வேண்டும்.

எர்த்பவுண்ட் கேமில் நகல் என்று சந்தேகம் வந்தால் எதிரிகளின் எண்ணிக்கையை அளவில்லாமல் கூட்டிவிடும். அதையும் பொறுத்துக்கொண்டு கடைசி எதிரி வரை போனால் அங்கே உறைந்து நின்றுவிடும், திரும்பத் திறந்தால் சேமித்த எல்லாம் அழிந்திருக்கும். ரொம்பக் கொடுமை. சீரியஸ் சாம் 3இல் சாகவே சாகாத ஒரு தேள் துரத்திக்கொண்டே வரும். பேட்மேன் ஆர்க்கம் அசைலம் திருட்டு நகலில் பேட்மேனால் மேலங்கியை விரித்து மிதக்க முடியாது. அதை பக் என்று நினைத்து ஒருவர் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே போய்ப் புகார் கொடுத்தார்; கோளாறு கேமின் கோடில் (code: நிரல், நெறி இரண்டுக்கும் அதே சொல்) இல்லை, உங்கள் ஒழுக்கத்தின் கோடில் என்கிற மாதிரி பதில் வந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கேம் டெவ் டைகூன், 2013. கேம் கம்பெனி நடத்துவதுதான் கேமே. உருவாக்கியவர்கள் தாங்களே ஒரு கிராக் பதிப்பை கோப்புப் பகிரும் டோரண்டில் ஏற்றிவிட்டார்கள். அதில் எல்லாம் ஒழுங்காகப் போகும், கொஞ்சம் வளர்ந்த பிறகு, பாஸ், நம் கேமை நிறையப் பேர் ஆடுகிறார்கள் ஆனால் யாரும் வாங்கவில்லை, எல்லாம் திருட்டு நகல் என்று ஒரு செய்தி வரும். அப்புறம் எவ்வளவு நல்ல கேம் செய்தாலும் காசு வராது, திவால். திருட்டு நகலில் ஆடியவர்கள் இணையத்தில் வந்து புலம்பினார்கள்: இது நியாயமே இல்லை, என் கேமை எல்லாரும் திருடுகிறார்கள், டிஆர்எம் (டிஜிட்டல் பூட்டு) கண்டுபிடிக்க வழி உண்டா? சீரியஸாகவே கேட்டார்கள். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

டாங்கிள்_தாத்தா:

இங்கே எல்லாரும் வாங்குபவர் பக்கமே பேசுகிறீர்கள், விற்பவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் கேம் செய்பவன் இல்லை, ஒரு தொழிலுக்கான மென்பொருள் எழுதி விற்கும் சின்னக் கூட்டத்தில் இருக்கிறேன்.

முதலில் கணினியின் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் (செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும்) கொடுத்தோம், அப்புறம் யுஎஸ்பி. டாங்கிளை எங்களுக்கு விற்ற கம்பெனியின் டிரைவர், விண்டோஸ் ஒவ்வொரு முறை மாறும்போதும் சண்டித்தனம் பண்ணும். எங்களுக்கு வரும் உதவி மெயில்களில் பெரும்பகுதி மென்பொருளைப் பற்றி இருக்காது, டாங்கிள் தெரியவில்லை, லைசன்ஸ் எடுத்துக்கொள்ளவில்லை, ஹார்டு டிஸ்க் மாற்றினேன் இப்போது வேறு கணினி என்கிறது, இதுதான். எல்லாம் காசு கொடுத்தவர்கள். கிராக் பயன்படுத்துபவன் எதற்கு எங்களுக்கு எழுதப்போகிறான்.

அப்படியானால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு தடவை ஒரு பதிப்பைப் பூட்டில்லாமல் விட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. விற்பனை பார்ப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்தால் எத்தனை லைசன்ஸ் வாங்குவார்கள்? பதில் எல்லாருக்கும் தெரியும். உலகத்தில் எங்கோ உட்கார்ந்து கிராக் செய்யும் மேதைக்காகப் பூட்டு போடுவதில்லை, அவனை எந்தப் பூட்டும் தடுக்காது. ஒன்று வாங்கி எல்லாக் கணினியிலும் போட்டுக்கொள்ளும் நல்லவர்களுக்காகத்தான் பூட்டு. பில் கேட்ஸ் 1976இலேயே இதைத்தான் புலம்பினார். ஆல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே தன் பேசிக் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று பகிரங்கக் கடிதமே எழுதினார்.

கேம்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு முதல் சில வாரம்தான் பணம். அந்த வாரங்கள் வரை பூட்டு தாங்கினால் போதும், 2014இல் வந்த டெனூவோ என்ற பூட்டு விற்பதும் அந்த நேரத்தைத்தான். அதனால்தான் சிலர் கொஞ்ச காலம் கழித்து அதை எடுத்தும் விடுகிறார்கள். எடுக்காதவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். வருடக் கணக்கில் ஆன பிறகும் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் மென்பொருள் மாதிரி இருந்துவிட எங்களுக்கும் ஆசைதான். நாற்பது நாள் முடிந்தது, வாங்குங்கள் என்று ஒரு பெட்டி வரும், மூடினால் வேலையைத் தொடரும். உலகமே அதை வைத்து மீம் போடுகிறது, அவர்களும் கண்டுகொள்வதில்லை. எங்கள் கூட்டத்தில் அதற்குத் தைரியம் இல்லை.

சிப்டியூன்_ராஜா:

யாரும் கீஜென் (போலி சீரியல் நம்பர் உருவாக்கும் குட்டி நிரல்) பாட்டைப் பற்றிப் பேசாமல் இந்தத் திரி முடியக்கூடாது.

சீரியல் நம்பர் எடுக்கத்தான் திறந்தோம். ஆனால் திறந்ததும் ஸ்பீக்கர் அலறும், வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு குட்டி ஜன்னல், மின்னும் எழுத்துக்கள், பின்னணியில் ஒரு பாட்டு, அதுவும் என்ன பாட்டு! எம்பி3 இல்லை, டிராக்கர் மென்பொருளில் செய்த மாட்யூல் கோப்பு. ஒலித் துணுக்குகளும் எந்த நொடியில் எதை எந்தச் சுருதியில் வாசிக்க வேண்டும் என்ற அட்டவணையும் மட்டும் இருக்கும், அதனால் சில பத்து கிலோபைட்டுக்குள் முழுப் பாட்டு அடங்கிவிடும். சீரியலைக் காப்பி செய்த பிறகும் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

கொமடோர் 64 கணினிக் காலத்திலேயே கேமை உடைத்த குழு முன்னால் தன் பெயரைப் போட்டு ஒரு சின்ன இண்ட்ரோ சேர்க்கும். யார் இண்ட்ரோ நன்றாக இருக்கிறது என்று போட்டி முற்றி, உடைப்பதை விட்டுவிட்டு இண்ட்ரோ மட்டுமே செய்ய ஆரம்பித்தவர்கள்தான் டெமோசீன். 2020இல் பின்லாந்து டெமோசீனைத் தன் மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பூட்டுப் போட்ட கம்பெனிகளின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, பூட்டை உடைத்தவனின் பாட்டுக்குத் தொகுப்பு போட்டுக் கேட்கிறார்கள்.

தூசிதட்டிக்கு ஒரு எச்சரிக்கை: பாட்டை யூடியூபில் கேளுங்கள். இன்றைக்கு கீஜென், கிராக் என்று தேடிக் கிடைப்பதில் மால்வேர்தான் (கணினியைக் கெடுக்கும் மென்பொருள்) அதிகம்.

ஒருவரி:

கிராக் போடுங்க ப்ரோ. போலீஸ் வராது.

காலிஅலமாரி:

எனக்கு இந்த சிடி பிரச்சினையே ஆடம்பரமாகத் தெரிகிறது. உங்கள் கையில் ஒரு பொருளாவது இருக்கிறது. எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்று கிடைத்தால் ஓடும். என்னுடையவை எல்லாம் கணக்கில் இருக்கின்றன, கையில் ஒன்றுமில்லை.

2009இல் அமேசான் கிண்டிலில் வாங்கிய சில புத்தகங்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாசகர்களின் கருவியிலிருந்தே அழித்தது. அழிந்த புத்தகம் எது தெரியுமா? ஆர்வெல்லின் 1984. கற்பனை என்று சொன்னால் ரொம்பச் செயற்கை என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார். பணம் திரும்பக் கொடுத்தார்கள், பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாமே திறக்காமல் போயின, அங்கேயும் பணம் திரும்ப வந்தது. பக்க ஓரத்தில் குறிப்பு எழுதியவர்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், குறிப்பு போனது போனதுதான். 2024 மார்ச் கடைசியில் யூபிசாஃப்ட் தி க்ரூ கேமின் சர்வரை அணைத்தது. தனியாக ஆடக்கூடிய பகுதியும் சேர்ந்தே போயிற்று, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இதில் நான் கவனித்த ஒன்று. பாட்டுக்கு டிஆர்எம் வேண்டாம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2007இல் எழுதினார், 2009இல் ஐடியூன்ஸ் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிட்டார்கள். பெரிய வெற்றி என்று கொண்டாடினோம். அப்புறம் என்ன ஆனது? எல்லாரும் ஸ்ட்ரீமிங்குக்குப் போனோம், அதில் முழுக்க முழுக்கப் பூட்டுதான், சந்தா நின்றால் ஒரு பாட்டும் இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் பூட்டு கண்ணில் படவில்லை. ஆக நாம் எதிர்த்தது பூட்டையா, இல்லை அது கொடுத்த எரிச்சலையா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

டாங்கிள்_தாத்தா:

இதை எங்கள் விற்பனைக்காரர் படித்துவிடக்கூடாது. ஏற்கெனவே சந்தா முறைக்கு மாறலாம் என்று நச்சரிக்கிறார்.

கர்னல்_காவலன்:

@காலிஅலமாரி, சந்தா விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வாடகை என்று தெரிந்தே கொடுக்கிறோம். வாங்குங்கள் என்று பொத்தானில் எழுதிவிட்டு வாடகைக்குக் கொடுப்பதுதான் மோசடி. கலிஃபோர்னியாவில் 2024இல் இதற்கே ஒரு சட்டம் போட்டார்கள், உரிமம்தான் விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் வாங்கு என்ற சொல்லைப் போடக்கூடாது என்று. சொல்லிவிட்டால் மூடலாம், அது வேறு கதை.

தூசிதட்டி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. நிலவரம் இது: மூன்று கேம்கள் ஜிஓஜியில் கிடைத்தன, தள்ளுபடியில் வாங்கிவிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஒன்றுக்கு அதன் கம்பெனியே வெளியிட்ட கடைசி பேட்ச் சிடி சோதனையை எடுத்துவிடுகிறது, கர்னல்_காவலனுக்கு ஒரு கும்பிடு. மற்றவற்றுக்கு விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பி போட்டேன். சிடியை ஐஎஸ்ஓவாக (ஒரே நகல் கோப்பாக) எடுத்து மாட்டினால் சேஃப்டிஸ்க் ஒத்துக்கொள்வதில்லை, நிஜமான சிடி டிரைவை உள்ளே கொடுத்தால் சில ஓடுகின்றன, 3டி மட்டும் நொண்டுகிறது.

மீதம் ஒரே ஒரு கேம். எங்கும் விற்பனையில் இல்லை, பேட்ச் இல்லை, செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதற்கு மட்டும் கிராக் என்று முடிவு செய்திருக்கிறேன், அதுவும் அந்த விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே, இணையம் இல்லாமல். தப்பு என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன், ஆனால் போடத்தான் போகிறேன்.

பூதக்கண்ணாடி:

போடுங்கள். என்ன கேம்?

தூசிதட்டி:

ஒரு படகுப் பந்தய கேம். பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. படகு தண்ணீருக்குள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும், இரண்டாவது ஆற்றில் பாதிக்கு மேல் யாரும் போனதே இல்லை.

மடக்கியடைப்பு:

அது பக் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? சிடி அசல்தானே?